கொடுங்கோலுக்குக் கடன் கொடுப்பதும் கொடுங்கோன்மையே!

கள்வனுக்கு ஏணி பிடித்தவனும் கள்வனே. அவன் வீட்டினுள் நுழையவில்லை, பேழையைத் திறக்கவில்லை, ஒரு காசையும் தன் கையால் தொடவில்லை. ஆயினும், ஏணி இல்லையேல் களவு இல்லை. இவ்வுண்மையை நம் சிற்றூர்ப் பாட்டியும் அறிவாள். உலகின் பெரும்பணத்தைக் கையாளும் வைப்பகங்களுக்கும் (வங்கிகளுக்கும்), அவற்றை ஆட்டிவைக்கும் வல்லரசுகளுக்கும் மட்டுமே இது விளங்காதது போலும்!

நம் அண்டை நாடாகிய பருமாவில் (மியன்மா என்று படையாட்சியர் பெயர் மாற்றிய நாடு அதுவே) 2021 பிப்பிரவரி 1ஆம் நாள் புதிய நாடாளுமன்றம் கூடவிருந்தது. அதற்கு முந்தைய நவம்பர்த் தேர்தலில், போட்டி நடந்த 476 இடங்களில் 396 இடங்களை ஆங் சான் சூச்சி அம்மையாரின் குடியாட்சிக் கட்சிக்கு மக்கள் வழங்கியிருந்தனர். அந் நாள் விடியுமுன்னே படைத்தலைவர் மின் ஆங் இலாயிங்கின் ஆட்கள் சூச்சியையும் பிற தலைவர்களையும் சிறைப்பிடித்து ஆட்சியைப் பறித்தனர். மூன்று நாள்கள் கழிந்தன. பிப்பிரவரி 4ஆம் நாள், நியூயார்க்கு நகரில் உள்ள அமெரிக்க நடுவண் வைப்பகத்தில் பருமா அரசின் பெயரில் கிடந்த ஏறத்தாழ 100 கோடித் தாலரைத் தம்பால் இழுத்துக்கொள்ள அவர்கள் முயன்றனர்.

ஆட்சியைக் கவர்ந்தவன் கை அடுத்து நீண்ட இடம் எது என்று பாருங்கள். கல்விக்கூடம் அன்று, மருத்துவமனை அன்று, பணப்பேழை! படையாட்சியின் உயிர்நிலை எங்கே இருக்கின்றது என்பதை அதன் எதிரிகளைவிட அதுவே நன்கறியும். அப் பணத்தை அன்று அமெரிக்க அரசு முடக்கியது. உலக வைப்பகமும் ஆசிய வளர்ச்சி வைப்பகமும் அந் நாளுக்குப் பிற்பட்ட கொடுப்புகளை நிறுத்திவைத்தன. ஆனால், பன்னாட்டுப் பண நிதியம் நோய்ப்பரவற் கால உதவியாக வழங்கிய ஏறத்தாழ 35 கோடித் தாலர், ஆட்சிப் பறிப்புக்குச் சில நாள்கள் முன்னரே பருமாவின் நடுவண் வைப்பகத்தைச் சென்றடைந்துவிட்டது. மக்களின் நோய் தீர்க்கச் சென்ற பணம், மக்களைச் சுட்டவர்களின் பிடிக்குள் போய்ச் சேர்ந்தது.

கடனை மறுத்து ஒரு படையாட்சியை வழிக்குக் கொண்டுவர இயலுமா? இயலும் என்பார் உளர். அஃது ஏழைகளையே வாட்டும் என்பார் உளர். அது வல்லரசுகளின் சூழ்ச்சியே என்பாரும் உளர். மூன்று கூற்றிலும் உண்மையின் கூறுகள் உண்டு. ஆயினும், பருமாவின் வரலாற்றை வரிசையாய் நோக்குவார்க்கு ஓர் உண்மை தெளிவாகும். கடன் மறுப்பு கூரிய கருவியே. ஆனால், அரைகுறையாய்ப் பூட்டினாலும் அது பயன்தராது. காலத்திற்கு முன்னே திறந்தாலும் அது படையாட்சிக்கே பயன்படும். இதனை விரித்துரைப்பதே இவ்வாசிரியவுரையின் நோக்கம்.

கடன் கொடுத்தவர் வழியினர் நாம்

பருமா நமக்கு முற்றும் வேற்று மண் அன்று. வெள்ளையர் ஆட்சியில், ஐராவதி ஆற்றின் வளமண்ணில் நெல்விளைவு பெருகிய காலத்தில், பருமிய உழவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டிலிருந்து சென்ற தமிழரே. அவர்கள் படைக்கலம் ஏந்திச் செல்லவில்லை. கணக்கேடு ஏந்திச் சென்றனர். காடு திருத்தப்பட்டது; நெல் கப்பலேறியது; வட்டியும் வளர்ந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் விலைகள் விழுந்தபொழுது நெல்லின் விலையும் விழுந்தது. கடன் திரும்பவில்லை, அதற்கு ஈடாக நிலம் திரும்பியது. நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில், 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, 1938இல் ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. நிலம் வேண்டும் என்று அவர்கள் கடன் கொடுக்கவில்லை. பணம் வேண்டும் என்றே கொடுத்தனர். ஆனால், உழுதவன் கண்ணில் நின்றது தன் நிலம் போன காட்சியே.

நம்மவர் வரலாற்றில் நாம் மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. கற்க வேண்டியதே உண்டு. கடன் வெறும் பணம் அன்று. ஒரு நாட்டில் நிலம் எவன் கையில் இருப்பது, ஆட்சி எவன் கையில் நிற்பது என்பவற்றை வரையறுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. 'நாங்கள் வாணிகம் செய்தோமே அன்றி அரசியல் செய்யவில்லை' என்று கடன் கொடுத்தவன் கூறுவது எக் காலத்திலும் எடுபடாது.

1962 மார்ச்சு 2ஆம் நாள் படைத்தலைவர் நே வின் ஆட்சியைப் பறித்தார். 1963இல் வைப்பகங்கள் அரசுடைமை ஆயின. 1964இல் கடைகளும் அவ்வாறே ஆயின. அவ்வாண்டு மேத் திங்களில் 50, 100 கியாத்துத் தாள்கள் செல்லாதன என்று அறிவிக்கப்பட்டன. இலக்கக்கணக்கான இந்தியர் கப்பலேறினர். அவருள் பெரும்பகுதியினர் தமிழர். கடன் கொடுத்த செல்வர் மட்டுமா திரும்பினர்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், வயலில் கதிர் அறுத்தவனும், தெருவோரத்தில் சிறுகடை வைத்தவனும் வெறுங்கையோடு திரும்பினர். சென்னைத் துறைமுகத்தின் அருகே பருமாக் கடைத்தெரு என்று ஒரு தெருவின் பெயரிலேயே அவ் வரலாறு நிற்கின்றது. படையாட்சி என்பது யாது என்று அத் தெருவில் முதன்முதல் கடைவிரித்தவர்கள் எவரிடமும் கேட்டுக் கற்கவில்லை. தம் மடியில் செல்லாத்தாளைச் சுமந்துவந்து கற்றனர்.

மூடிய கதவும் திறந்த பலகணிகளும்

இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் நே வின் திருந்தவில்லை. 1987 செப்தம்பர் 5ஆம் நாள் 25, 35, 75 கியாத்துத் தாள்களை அவர் அரசு செல்லாதன ஆக்கியது. ஒரு காசும் ஈடு தரவில்லை. உழைத்துச் சேர்த்த குடும்பங்கள் ஒரே இரவில் ஓட்டாண்டிகள் ஆயின. அவ்வாண்டின் இறுதியிலேயே, ஆசியாவின் நெற்களஞ்சியமாய் இருந்த அந் நாடு, உலகின் மிகப் பின்தங்கிய நாடுகளுள் ஒன்றென ஒன்றிய நாடுகள் அவையின் பட்டியலில் சேர்ந்தது. 1988 ஆகத்து 8ஆம் நாள் மாணவரும் துறவியரும் தொழிலாளரும் தெருவுக்கு வந்தனர். படை சுட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். செப்தம்பர் 18ஆம் நாள் படைத்தலைவர்களின் புதிய குழு ஒன்று ஆட்சியைக் கைக்கொண்டது. 1990 மே 27ஆம் நாள் அவர்களே தேர்தலையும் நடத்தினர்; 485 இடங்களில் 392 இடங்களை எதிர்க்கட்சி வென்றது. வென்றவர் சிறை சென்றனர். தோற்றவர் அரியணையில் இருந்தனர்.

1986க்குப் பின் ஆசிய வளர்ச்சி வைப்பகமும், 1987க்குப் பின் உலக வைப்பகமும் பருமாவுக்குப் புதுக்கடன் வழங்கவில்லை. பழைய கடனின் தவணை நின்றுபோனது ஒரு கரணியம். 1988இன் குருதி மற்றொன்று. அமெரிக்கா 1997இல் புதிய முதலீட்டைத் தடுத்தது. பன்னாட்டு வைப்பகங்களில் பருமாவுக்குக் கடன் என்று பேச்செழுந்தால் எதிர்த்து நிற்க வேண்டும் என்று தன் சார்பாளர்களுக்குச் சட்டத்தால் ஆணையிட்டது. வாயிற்கதவு நன்றாகவே பூட்டப்பட்டது எனலாம்.

ஆனால், பலகணிகளோ? 1988 திசம்பரில் தாய்லாந்தின் படைத்தலைவர் இரங்கூன் சென்றார். அதன்பின் எல்லையோரத் தேக்குக் காடுகளை வெட்டும் உரிமை தாய்லாந்துக் குழுமங்களுக்குக் கிடைத்தது. கரேன் மக்களின் காடு விற்கப்பட்டது. அப் பணத்தைக் கொண்டே கரேன் மக்கள் சுடப்பட்டனர். அடுத்து வந்தது கடலடி எரிவளி. பிரான்சின் தோத்தால், அமெரிக்காவின் யூனோகால், தாய்லாந்தின் எண்ணெய் நிறுவனம் ஆகியன பருமிய அரசோடு கூடி யாதனா எரிவளி வயலைத் திறந்தன. 1998 முதல் குழாய்வழியே எரிவளி தாய்லாந்துக்குப் பாய்ந்தது. தாலர் படைத்தலைவர்களுக்குப் பாய்ந்தது. குழாய்வழியில் வாழ்ந்த சிற்றூர் மக்கள், தம்மைப் படையினர் கட்டாய வேலை வாங்கினர் என்று அமெரிக்க முறைமன்றத்திலேயே வழக்குத் தொடுத்தனர். 2005இல் யூனோகால் நிறுவனம் வழக்காடியவர்களோடு இணக்கம் செய்துகொண்டு அவ் வழக்கை முடித்தது.

அப் பணம் எவ்வாறு மறைந்தது என்பதையும் நம் மக்கள் அறிதல் வேண்டும். ஒரு தாலருக்கு ஏறத்தாழ 6 கியாத்து என்பது அரசு எழுதிவைத்த மதிப்பு. கடைத்தெருவிலோ, 2000க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஒரு தாலர் ஆயிரம் கியாத்துக்கும் மேல் விலைபோனது. எரிவளியால் வந்த தாலரை அரசுக் கணக்கில் 6 கியாத்து மதிப்பிலேயே எழுதினர். 100 கோடித் தாலர் வந்தால், ஏட்டில் 600 கோடிக் கியாத்து. கடைத்தெரு மதிப்பிலோ 1,00,000 கோடிக் கியாத்து! எஞ்சியது எங்கே போயிற்று? பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இல்லை. மருத்துவமனையில் மருந்து இல்லை. ஆனால் 2005இல் காட்டுக்கிடையே நேப்பிடோ என்னும் புதுத் தலைநகர் எழுந்தது. விடை அங்கே நிற்கின்றது.

இன்னொரு பிழையும் நடந்தது. 2003இல் அமெரிக்கா பருமியப் பொருள்களின் இறக்குமதியைத் தடுத்தது. எரிவளிக் குழாய் நிற்கவில்லை. ஆடை தைத்த ஆலைகளே மூடின. பல்லாயிரம் இளம்பெண்கள் வேலை இழந்தனர். படைத்தலைவன் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. தையற்பெண் வீட்டு அடுப்பே அணைந்தது. தடை என்பது குறிபார்த்து எய்யும் அம்பாக இருத்தல் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வீசும் கல்லாக இருத்தல் ஆகாது.

காலத்திற்கு முன் கொடுத்த திறவுகோல்

2008 மேத் திங்களில் நர்கிசுப் புயல் ஐராவதிக் கழிமுகத்தைத் துடைத்தெறிந்தது. ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டும் காணாமற்போயும் அழிந்தனர். பிணங்கள் நீரில் மிதந்த அதே மேத் திங்களில், படையாட்சியர் தாம் எழுதிய அரசமைப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் வாங்கும் பொதுவாக்கெடுப்பை நடத்தினர். நாடாளுமன்றத்தில் நாலில் ஒரு பங்கு இடம் படைக்கு. அச் சட்டத்தின் அடிப்படைக் கூறுகளைத் திருத்த நாலில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட ஒப்போலை (வாக்கு) தேவை. படை ஒப்பாமல் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. காவல், எல்லை, போர் ஆகிய துறைகளின் அமைச்சர்கள் படையின் ஆட்களே. வீட்டை மக்களுக்குக் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்ளும் ஏற்பாடு அது!

2010இல் ஒரு தேர்தல்; 2011இல் உடைமாற்றிய படைத்தலைவர் தெயின் செயின் குடியரசுத் தலைவர். சூச்சி அம்மையார் விடுவிக்கப்பட்டார். 2012 ஏப்பிரல் இடைத்தேர்தலில் அவர் கட்சி 43 இடங்களை வென்றது. வேறு எதற்கும் காத்திராமல் உலகத்தின் பணக்கதவுகள் விரியத் திறந்தன. 2013 சனவரியில் சப்பான் இடைக்கடன் கொடுத்து, உலக வைப்பகத்துக்கும் ஆசிய வளர்ச்சி வைப்பகத்துக்கும் பருமா செலுத்தவேண்டிய பழம்பாக்கியைத் தீர்த்தது. உலக வைப்பகம் 44 கோடித் தாலர் புதுக்கடன் அளித்தது. பாரிசுக் கழகத்து நாடுகள் தமக்குரிய கடனில் ஏறத்தாழப் பாதியைத் தள்ளுபடி செய்தன.

ஒன்றைக் கேட்கின்றோம். கால் நூற்றாண்டாகக் காத்துவைத்த திறவுகோலை எதற்கு ஈடாகக் கொடுத்தனர்? 2008 அரசமைப்பில் ஓர் எழுத்து மாறியதா? படைக்குரிய நாலில் ஒரு பங்கு இடம் குறைந்ததா? படைத்தலைவர்களின் குழுமங்கள் மக்கள் கணக்கின்கீழ் வந்தனவா? ஒன்றும் இல்லை. தேர்தலைக் கண்டனர், குடியாட்சி வந்துவிட்டது என்றனர். காட்டில் மரமும், மண்ணில் கனியமும், கடலில் எரிவளியும் காத்துக்கிடக்க, அவற்றின்மேல் பாய்வதற்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அச் சாக்கே அவ் விடைத்தேர்தல் ஆயிற்று.

விளைவு யாது? கச்சின் மக்கள்மேல் 2011இல் மீண்டும் தொடங்கிய போர் நிற்கவில்லை. 2017 ஆகத்து இறுதி தொடங்கிச் சில திங்களுக்குள் 7 இலக்கத்துக்கும் மேற்பட்ட உரோகிங்கிய மக்கள் வீடெரிந்து வங்காள நாட்டுக்குள் ஏதிலியராய் ஓடினர். அப்பொழுதுதான் உலக வைப்பகம் 20 கோடித் தாலர்க் கடன் ஒன்றை நிறுத்திவைத்தது. வெள்ளம் தலைக்கு மேல் போனபின் அணை கட்டிய கதை! 2019இல் ஒன்றிய நாடுகளின் உண்மையறி குழு, பருமியப் படையின் இரு பெருங்குழுமங்களின்கீழ் 106 நிறுவனங்கள் உள்ளன என்று பட்டியலிட்டுக் காட்டியது. மதுவும் மணிக்கல்லும் வைப்பகமும் படைக்கே உரியனவாய் இருக்கையில், மக்கள் தேர்ந்த அரசு தன்னை என்ன செய்துவிடும் என்ற இறுமாப்பு அப் படைக்கு இருந்ததில் வியப்பில்லை. அவ்விறுமாப்பே 2021 பிப்பிரவரி 1ஆம் நாள் வெளிப்பட்டது.

இன்னொன்றையும் மறவாமல் கூறவேண்டும். பருமியர் மட்டும் வாழும் நாடன்று பருமா. கரேன், கச்சின், சான், சின், மோன், அரக்கானியர் எனப் பல இனங்களின் மண் அது. 1947 பிப்பிரவரி 12ஆம் நாள் பாங்கிலோங்கு ஊரில் ஆங் சான், சான், கச்சின், சின் இனத்துத் தலைவர்களோடு உரிமை உடன்படிக்கை செய்தார். அவ்வுரிமை கேட்கப்பட்டபொழுதெல்லாம் 'ஒற்றுமை கெடும்' என்றே படை ஆட்சியைப் பறித்தது. மக்கள் தேர்ந்த அரசும் இதில் வழுவியது. 2019இல் சூச்சி அம்மையாரே திகேக் நகரின் உலக அறமன்றத்தில் தம் படைக்காக வழக்காடினார். யாரைக் காத்தாரோ அவர்களே அவரைச் சிறையிட்டனர். பெரும்பான்மை இனத்துக்குக் குடியாட்சி, பிற இனங்களுக்குப் படையாட்சி என்று ஒரு நாட்டைக் கூறுபோட்டு நடத்த இயலாது. ஓரினத்தின்மேல் ஏவிய நாய் ஒருநாள் ஏவியவன்மேலும் பாயும். மொழியுரிமையும் இனவுரிமையும் இல்லாத குடியாட்சி, கூரையில்லாத வீடு என்பதைத் தமிழராகிய நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

பூட்டினால் பயன் உண்டா?

உண்டு, சான்றும் உண்டு. ஆட்சிப் பறிப்புக்குப் பின் பருமியப் படைக்கு வந்த படைக்கலங்களும் அவற்றுக்கான உறுப்புகளும் குறைந்தது 100 கோடித் தாலர் மதிப்புடையன என்று ஒன்றிய நாடுகளின் மாந்த உரிமைச் சிறப்பறிக்கையாளர் 2023 மே அறிக்கையில் கணக்கிட்டார். உருசியாவிலிருந்து 40 கோடிக்கு மேல். சீனத்திலிருந்து ஏறத்தாழ 27 கோடி. சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 25 கோடி. அவ்வாண்டு சூனில் அமெரிக்கா பருமாவின் இரண்டு அரசு வைப்பகங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரும் தன் மண்ணில் நடந்ததை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு அறிக்கை கூறுவதைப் பாருங்கள்: சிங்கப்பூர்வழி வந்த படைக்கலப் பொருள்கள் ஒரே ஆண்டில் 11 கோடித் தாலரிலிருந்து ஏறத்தாழ 1 கோடித் தாலராக இறங்கின. மொத்த இறக்குமதியும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஆயின், அதே அறிக்கை மற்றொன்றையும் கூறுகின்றது. தாய்லாந்து வைப்பகங்களின்வழி வந்தவை 6 கோடியிலிருந்து ஏறத்தாழ 13 கோடியாக இருமடங்காயின. ஒரு பலகணியை அடைத்ததும் அடுத்த பலகணியில் தலை தெரிந்தது. எனவே, 'தடை தோற்றது' என்பார் கூற்று பொய்; 'ஒன்றை அடைத்தால் போதும்' என்பார் கூற்றும் பொய். அடைத்த அளவுக்கு மூச்சு முட்டும். அடைக்காத அளவுக்கு மூச்சு ஓடும். அவ்வளவே!

வெள்ளை வெறியாட்சி நிகழ்ந்த தென்னாப்பிரிக்காவைக் கருதுங்கள். அது படையாட்சி அன்றெனினும் படையை நம்பி நின்ற ஆட்சியே. 1985இல் அமெரிக்காவின் சேசு மன்காட்டன் வைப்பகம் பழைய கடனைப் புதுப்பிக்க மறுத்தது, பிறவும் பின்தொடர்ந்தன. செப்தம்பர்த் தொடக்கத்தில் அவ் வெறியரசு கடன் தவணையைச் செலுத்த இயலாமல் நிறுத்திவைத்தது. 1990இல் மண்டேலா வெளிவந்தார். 1994இல் எல்லாரும் ஒப்போலை இட்டனர். விடுதலையை வென்றவர் அம் மண்ணின் மக்களே. அவர் ஈகமே முதன்மையானது. ஆனால், அடக்கியவன் கையில் பணம் வற்றியது அவ் வெற்றியை விரைவுபடுத்தியது என்பதை மறுப்பார் இலர்.

'ஏழை மக்கள் வாடுவரே' என்று இரங்குவார்க்கு விடை கூறுவோம். இரக்கம் மெய்யானதாயின், அரிசியையும் மருந்தையும் மக்கள் கையில் கொடுங்கள்; எல்லையோர ஏதிலியர் குடில்களுக்குக் கொடுங்கள்; அம் மக்களின் மருத்துவக் குழுக்களுக்குக் கொடுங்கள். 2025 மார்ச்சு 28ஆம் நாள் மாண்டலேப் பகுதியை நிலநடுக்கம் நொறுக்கியபொழுது, இடிபாட்டில் மக்கள் கிடக்க, படையின் வானூர்திகள் பிற ஊர்களில் குண்டு வீசிக்கொண்டிருந்தன. அத்தகைய ஆட்சியின் கருவூலத்தில் கொட்டும் தாலர் ஏழையின் கஞ்சிக்கலயத்துக்கு வழியும் என்று எவர் உறுதி கூறுவர்? உணவு வேறு, கடன் வேறு. உணவை மறுப்பது கொடுமை. கடனை மறுப்பது கடமை.

மேலும், கடனை வாங்குபவன் படைத்தலைவன். திருப்பிச் செலுத்துபவன் உழவன். வாங்கிய பணத்தில் வாங்கிய குண்டு எவன் வீட்டுமேல் விழுந்ததோ, அவன் மகனே அக் குண்டின் விலையை வட்டியோடு செலுத்தவேண்டும்! கொடுங்கோலன் தன் நலத்துக்காக, மக்கள் ஒப்புதலின்றி வாங்கிய கடன், அறிந்தே கொடுத்தவன் முன் செல்லாக் கடனே என்று 1927இலேயே உருசியச் சட்ட அறிஞர் அலெக்சாந்தர் சாக்கு எழுதினார். இந் நெறி உலகச் சட்டமாகியிருந்தால், கடன் கொடுப்பவன் ஒருமுறைக்கு நூறுமுறை எண்ணுவான்.

கருவி எவன் கையில்?

இனி, 'வல்லரசுகளின் சூழ்ச்சி' என்னும் கூற்றுக்கு வருவோம். இதனை நாம் எளிதில் தள்ளோம். உலக வைப்பகத்தில் நாட்டுக்கொரு ஒப்போலை இல்லை, பணத்துக்கே ஒப்போலை. அங்கும் பன்னாட்டுப் பண நிதியத்திலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஒப்போலை அமெரிக்காவுக்கே. அக் கை அறத்தின்பால் மட்டுமே நீளும் என்று நம்புவதற்கு நாம் பேதையர் அல்லோம். தென்னமெரிக்கச் சிலி நாட்டில் 1970இல் மக்கள் தேர்ந்த அலந்தேயின் ஆட்சிக்கு உலக வைப்பகம் ஒரு புதுக்கடனும் வழங்கவில்லை. 1973 செப்தம்பர் 11ஆம் நாள் படைத்தலைவன் பினோசே அவ்வாட்சியைக் குருதியில் வீழ்த்தியபின் கடன் கதவு மீண்டும் திறந்தது. குடியாட்சிக்குப் பூட்டு, படையாட்சிக்குத் திறவுகோல்!

கடன் கொடுப்பதா என்று உலகம் ஒப்போலை எடுத்ததன் பொருளை நம் இனமும் நேரிற் கண்டது. 2009 மேத் திங்களில் முள்ளிவாய்க்காலில் நம் ஈழத்து உறவுகளின் குருதி ஓடியது. அது காயுமுன், சூலைத் திங்களில், இலங்கை அரசுக்கு 260 கோடித் தாலர்க் கடனைப் பன்னாட்டுப் பண நிதியம் ஒப்பியது. அமெரிக்காவும் பிரித்தானியாவும் எதிர்த்து ஒப்போலை இடவில்லை. இருபுறமும் சேராது ஒதுங்கின. ஒதுங்கியவர் மனச்சான்று தூய்மையாயிற்று, கடன் போய்ச்சேர்ந்தது. இத்தகைய ஒதுங்கல் மறுப்பாகாது; கையைக் கழுவிக்கொள்ளும் சடங்கே அது.

கருவி தீயவன் கையில் இருப்பதால் கருவியே தீயது ஆகிவிடாது. அக் கருவியைப் பயன்படுத்தும் நெறியை எழுதும் உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்கே வேண்டும் என்பதே நாம் கூறுவது. பூட்டுவதும் திறப்பதும் வாசிங்டன் நகரின் விருப்புக்கும் வெறுப்புக்கும் உரியனவாய் இருக்கும்வரை, இன்று பூட்டியவன் நாளை கனியப் பேரம் படிந்ததும் திறப்பான்.

நாம் வேண்டுவன

2023 மார்ச்சில் சூச்சி அம்மையாரின் கட்சியைப் படையாட்சி கலைத்தது. அக் கட்சி இல்லாமலே, நாட்டின் பல பகுதிகளில் ஒப்போலைப் பெட்டியே வைக்காமல், 2025 திசம்பர் 28ஆம் நாள் தொடங்கித் தேர்தல் என்று ஒரு கூத்தையும் அரங்கேற்றினர். 2010இன் பழைய கூத்தே இது. உடை மட்டுமே புதிது. 'தேர்தல் நடந்துவிட்டது, இனிக் கடன் கொடுக்கலாம்' என்று சொல்வதற்கு உலகில் பலர் அணியமாய் இருப்பர். 2013இல் செய்த பிழையை மீண்டும் செய்யாதீர் என்று இப்பொழுதே உரத்துக் கூறவேண்டும்.

திறப்பதற்கு அளவுகோல் தேர்தல் நாள் அன்று. ஆட்சி கைமாறும் நாளே. படைக்கு இடம் ஒதுக்கும் 2008 அரசமைப்பு நீங்குதல் வேண்டும். சிறையாளர் அனைவரும் வெளிவருதல் வேண்டும். படையின் குழுமங்களும் எரிவளி வருவாயும் மக்கள் மன்றத்தின் கணக்கின்கீழ் வருதல் வேண்டும். கரேன், கச்சின், சான், சின், அரக்கானியர், உரோகிங்கியர் முதலிய இனங்களின் உரிமை எழுத்தில் உறுதியாதல் வேண்டும். இவை ஒவ்வொன்றும் நடந்தேறிய பின்னரே கதவு ஒவ்வொரு விரற்கடையாய்த் திறத்தல் வேண்டும். பின்வாங்கினால் அக் கணமே மூடுதல் வேண்டும். இவ்வரையறையைப் படையாட்சியால் துரத்தப்பட்ட மக்கட் சார்பாளரும் இனத் தலைவர்களும் எழுதல் வேண்டும், வல்லரசுகள் அல்ல.

இந்திய அரசுக்கும் ஒரு சொல். 2023 அறிக்கையின் பட்டியலில் இந்தியாவின் பெயரும் உண்டு. ஆட்சிப் பறிப்புக்குப் பின் இங்கிருந்து பருமியப் படைக்குச் சென்ற பொருள்கள் ஏறத்தாழ 5 கோடித் தாலர் மதிப்புடையன. அரசுக்கே உரிமையான நிறுவனங்களும் அவற்றை அனுப்பின. அப் பணத்தில் நம் வரிப்பணமும் உண்டு. 'சீனம் நுழைந்துவிடும்' என்னும் பழம்பாட்டைத் தில்லி பாடுகின்றது. சீனத்தோடு கொடுமையில் போட்டியிடுவது அறிவுடைமை ஆகாது. நாளை அம் மண்ணில் மக்களாட்சி மலரும்பொழுது, நம்மைச் சுட்டவனுக்குக் குண்டு கொடுத்தவர் எவர் என்று அம் மக்கள் கேட்பர். அன்று விடையின்றி நிற்கவேண்டியவர்கள் நாமாக இருத்தல் ஆகாது.

முன்னொரு காலத்தில் நம்மவர் பருமாவுக்குக் கடன் கொடுத்தனர். அதன் விளைவை இரு மண்ணின் மக்களும் சுமந்தனர். இனி அம் மண்ணுக்கு நாம் கொடுக்கவேண்டிய கடன் ஒன்றே: ஒடுக்குவோன் கையில் ஒரு காசும் சேராதவாறு உலகத்தின் மனச்சான்றைத் தட்டியெழுப்பும் குரல். அக் குரல் தமிழகத்திலிருந்து எழுக!